நூலும் குளிசையும்

எண்பதுகளின் நடுப்பகுதியில் கல்முனைக்குடியில் எங்கள் ஒழுங்கையில் ஒரு பொடியன் இருந்தான். ஓரிடத்தில் இருக்கமாட்டான், பேசிக்கொண்டிருக்கும்போதே கல்லை எடுப்பான், தங்கச்சியைக் கடிப்பான். ‘குழப்படி’ என்ற ஒரே சொல்லுக்குள் எல்லாம் அடங்கிற்று. அது கைமீறியபோது, பிள்ளையை மஃரிபு நேரத்தில் வெளியே விட்டதாக உம்மாவுக்கு ஏச்சு விழுந்தது. லெப்பை வந்து ஓதி ஊதினார். கறுப்பு நூலில் முடிச்சுப் போட்டு இடுப்பில் கட்டினார். பீங்கானில் எழுதிய எழுத்தைக் கழுவி, அந்தத் தண்ணீரைக் குடிக்கக் கொடுத்தார்கள். கடற்கரைப் பள்ளிக் கொடியேற்றத்துக்கும் நேர்ச்சை வைத்தார்கள்.

இன்று அதே ஒழுங்கையில், அதே வயதில், அவனைப் போலவே ஒரு பிள்ளை. அவனிடம் கிளினிக் கொப்பி இருக்கிறது. அதில் ஏடிஎச்டி, அதாவது கவனக்குறைவும் மிகைத்துடிப்பும், என்று எழுதியிருக்கிறது. காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு மெதில்பெனிடேற் ஒரு குளிசை, இரவில் ரிஸ்பெரிடோன் அரைக் குளிசை. அந்த அரையை பிளேட்டால் வெட்டுவது உம்மாவின் வேலை. ஒருநாள் பெரிய பாதி விழும், ஒருநாள் சின்னப் பாதி. அதற்காகவே அவர் இரவில் ஒருமுறை எழும்பி, பிள்ளை மூச்சு விடுகிறானா என்று பார்க்கிறார்.

நூல் சொன்ன காரணம், ஜின் பிடித்தது என்பது, பிழை. ஆனாலும் அது பழியைப் பிள்ளைக்கு வெளியே, வேலியோரம் நின்ற ஏதோ ஒன்றின் மேல் போட்டது. ஓதியதும் ‘இறங்கிவிடும்’ என்றார்கள்; இறங்காவிட்டால் இன்னொரு லெப்பை. அதே சமயம் ஜின்னை விரட்ட அடித்த அடி விழுந்தது பிள்ளையின் முதுகில்தான். ஓதப்பள்ளியில் கொண்டுபோய் விடும் வாப்பாமார் கண்ணை மட்டும் விட்டுவிட்டுத் தோலை உரிக்கச் சொன்னதை நானே கேட்டிருக்கிறேன். காலில் கயிறு போட்டுத் தூணில் கட்டியதும் உண்டு. பள்ளிக்கூடங்களில் பிரம்பு வேண்டாம் என்ற கல்வியமைச்சின் சுற்றறிக்கை வந்தது 2005இல்.

வைத்தியம் அப்போதும் உலகத்தில் இல்லாமல் இல்லை. அமெரிக்காவின் றோட் ஐலண்டில் சார்ள்ஸ் பிராட்லி என்ற வைத்தியர், இவ்வாறான பிள்ளைகளுக்கு ஊக்கமருந்து கொடுத்துப் பார்த்து, அவர்கள் அமைதியாகப் பாடத்தில் இருந்ததை 1937இலேயே எழுதிவிட்டார். மெதில்பெனிடேற் 1944இல் உண்டாக்கப்பட்டு, ஐம்பதுகளில் ‘ரிற்றலின்’ என்ற பெயரில் கடைக்கு வந்தது. கண்டுபிடித்தவர் தன் மனைவி றீற்றாவின் பெயரை அதற்கு வைத்தார். எங்கள் கரைக்கு அது எட்டவில்லை, அவ்வளவுதான். மனத்துக்கு வைத்தியம் என்றால் எங்களுக்குத் தெரிந்தது அங்கொடை ஆஸ்பத்திரி, அதுவும் ஏச்சு வார்த்தையாக. மட்டக்களப்பு ஆஸ்பத்திரி 40 கிலோமீற்றர். ஆனால் 1990 ஜூலையில் குருக்கள்மடத்தில் வழியால் வந்த முஸ்லிம்கள் கடத்திக் கொல்லப்பட்டதற்குப் பிறகு அந்தப் பாதையில் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போக யாருக்குத் துணிவு வரும்?

பாதையைத் திறந்தது கடல் என்று சொல்லக் கூசுகிறது. 2004 டிசெம்பர் 26 சுனாமியில் அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000க்கு மேற்பட்டோர் போனார்கள். நாட்டில் வேறெந்த மாவட்டமும் அவ்வளவு பேரை இழக்கவில்லை. பேசாமல் போன பிள்ளைகள், அலைச் சத்தம் கேட்டு ஓடும் பிள்ளைகள் எங்கும் இருந்தார்கள். மனநலம் என்ற சொல் முகாம்களுக்குள் அப்போதுதான் வந்தது. 2005இல் நாட்டுக்கு மனநலக் கொள்கை ஒன்று வந்தது. மாவட்ட ஆஸ்பத்திரிகளுக்கு மனநல மருத்துவ அதிகாரிகள் வந்தார்கள். இன்று அஷ்ரஃப் ஞாபகார்த்த வைத்தியசாலைக்கு ஓட்டோவில் பத்து நிமிடம். நம்பர் எடுத்து வாங்கில் இருக்கலாம்.

அந்த வாங்கில் இருப்பதற்குத்தான் யோசனை. மூத்தவளுக்குச் சம்மந்தம் பேசும் நேரம், யார் கண்ணிலாவது பட்டால்? ஆகவே கல்முனைக்காரர் அக்கரைப்பற்றுக்குப் போகிறார், அக்கரைப்பற்றுக்காரர் இங்கே வருகிறார். பஸ்ஸில் எதிரெதிரே கண்டால் இருவருமே பல் கிளினிக் என்கிறார்கள்.

முன்பு அந்தப் பொடியன் ஒருத்தியின் பிள்ளையாக இருக்கவில்லை. எங்கள் ஊரில் பெண்ணுக்குத்தான் வீடு. மூத்தம்மா, பெரியம்மா, சாச்சி எல்லோருடைய வளவும் ஒட்டியொட்டி இருக்கும். ஒரு வீட்டில் பீங்கானை உடைத்துவிட்டு அடுத்த வீட்டில் சோறு தின்பான். கடல் வந்துபோன பிறகு, கரையிலிருந்து 65 மீற்றருக்குள் வீடு கட்டக்கூடாது என்றார்கள். மருதமுனையில் அந்த எண்ணே ஒரு வீட்டுத்திட்டத்தின் பெயராகிவிட்டது. சாச்சி ஒரு திட்டத்தில், பெரியம்மா இன்னொன்றில். இப்போது கதவைப் பூட்டினால் உள்ளே உம்மாவும் பிள்ளையும். வாப்பா கட்டாரிலிருந்து வட்ஸ்அப்பில், “குளிசை குடுத்தியா?” என்று கேட்கிறார்.

குளிசை வேலை செய்கிறது. அதை மறைக்க எனக்கு விருப்பமில்லை. தங்கச்சியின் கையில் பல் தழும்பு புதிதாக இல்லை. ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் வகுப்பில் அவன் நாற்பது நிமிடம் இருக்கிறான். காலைக் குளிசையால் பகல் சோறு இறங்குவதில்லை. இரவுக் குளிசையால் பத்து மணிக்குப் பசி வந்து பானையைத் திறக்கிறான். 2022இல் டொலர் இல்லாமல் மருந்துகள் தட்டுப்பாடானபோது, அந்த உம்மா பாமசி பாமசியாக ஏறி இறங்கினார். நாளுக்கொன்றை இரண்டு நாளுக்கொன்றாக்கினார். கூட்டில் அடைத்த மருந்தென்றால் அந்தக் கூடு எதிலிருந்து செய்தது என்று மௌலவியிடமும் கேட்டுக்கொள்கிறார். இடுப்பில் நூலும் இருக்கிறது. டொக்டர் அதைக் கண்டார். “அது இருக்கட்டும் உம்மா, இத மட்டும் நிப்பாட்டிராதீங்க” என்றார்.

காலைக் குளிசை மதியத்தோடு இறங்கிவிடும். அசருக்குப் பாங்கு சொல்லும்போது பிள்ளை பழைய பிள்ளையாகிவிடுகிறான். எண்பதுகளின் பொடியனுக்கு அது கரைவலை இழுக்கும் நேரம். கயிற்றில் ஒரு கை குறைந்தால் அவனைத்தான் கூப்பிடுவார்கள். ஏலேலோ சொல்லி, மணலில் குதிகால் புதைய இழுத்து, ஒரு கோர்வை மீனோடு இரவில் வந்து பிணம் போலத் தூங்குவான். இந்தப் பிள்ளைக்கு ஐந்து மணிக்கு ரியூசன். உம்மா அவனுடைய கையைப் பிடித்துக்கொண்டு ஒழுங்கையில் நடக்கிறார், சற்று இறுக்கமாக.