ஐந்து ஆடுகள் அல்ல, ஒரே ஆடு

ஜூலை மாதத்து வெள்ளிக்கிழமை மதியம். குவைத்தின் அப்பாசியாவில் வெளியே தலைகாட்ட முடியாத வெயில். சாப்பாட்டுக்கு விரித்த சுப்ராவை இன்னும் மடிக்கவில்லை. அதன்மேல் ஒரு ரப்பரை வைத்து என் மகன் செல்போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தான். ஒரு நகர்த்தல், ஒரு படம். மொத்தம் 120 படங்கள். ஓட்டிப் பார்த்தால் பத்தே விநாடிதான். ரப்பர் புழுவாக ஊர்ந்து ஊறுகாய் பாட்டிலைச் சுற்றி வந்தது.

வளைகுடாவுக்கு அக்கரையில், டெஹ்ரானின் தேசிய அருங்காட்சியகத்தில் உள்ள ஒரு மண் கோப்பை என் நினைவுக்கு வந்தது. ஈரானின் தென்கிழக்கில் ‘ஷஹ்ரே சுக்தே’ என்றொரு பழைய ஊர் மண்ணுக்குள் கிடக்கிறது. எரிந்த நகரம் என்று பொருள். 1970களில் அங்கே ஒரு கல்லறையில் இத்தாலியத் தொல்லியலாளர்கள் எடுத்த கோப்பை அது. வயது சுமார் 5,000 ஆண்டு, உயரம் சுமார் 10 சென்டிமீட்டர். நாம் சுலைமானி டீ குடிக்கும் கிளாஸைவிடச் சற்றே பெரிது. அதைச் சுற்றிலும் ஐந்து காட்டாடுகள் தீட்டப்பட்டிருக்கின்றன. அவை ஐந்து ஆடுகள் அல்ல, செடியை நோக்கி எம்பி இலையைக் கவ்வும் ஒரே ஆடு என்பது பிறகுதான் புலப்பட்டது. ஐந்தையும் படமெடுத்து வரிசையாக ஓட்டியபோது ஆடு துள்ளியது.

‘உலகின் முதல் அனிமேஷன்’ என்று அதற்குப் பட்டம் கட்டுகிறார்கள். எனக்கு அதில் முழுச் சம்மதமில்லை. கோப்பையை வேகமாகச் சுற்றினால் ஆடு துள்ளாது, கலங்கித்தான் தெரியும். பல நிறக் கோடு போட்ட பம்பரம் சுழலும்போது ஒரே நிறமாகத் தெரிவதை, இங்கிருந்து வடக்கே பஸ்ராவில் பிறந்த இப்னு அல் ஹைதம் ஆயிரம் ஆண்டுக்கு முன்பே எழுதி வைத்திருக்கிறார். சுழலும் படங்களில் அசைவு தெரிய வேண்டுமானால் ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே கொஞ்சம் இருட்டு வேண்டும். 1832இல் பெல்ஜியத்தின் ஜோசஃப் பிளாட்டோ சுழலும் அட்டையில் கீறல் போட்டு அந்த இருட்டைக் கொண்டுவந்தார்.

முந்தைய படம் கண்ணிலேயே தங்கிவிடுவதால் அசைவு தெரிகிறது என்று பள்ளியில் படித்தோம். அது பாதிக் கதைதான். சற்றுத் தள்ளித் தள்ளி நிற்கும் இரண்டு கோடுகளை மாறி மாறிக் காட்டினால், ஒரே கோடு இடம் மாறுவதாக மூளை எடுத்துக்கொள்கிறது என்று 1912இல் மாக்ஸ் வெர்ட்ஹைமர் காட்டினார். நடுவில் நடக்காததை நாமே நடத்திக்கொள்கிறோம்.

பொம்மைப் படக் கலைஞர் வேலை செய்வதும் அந்த நடுவில்தான். விநாடிக்கு 12 நிலை என்றால் ஒரு நிமிடத்துக்கு 720 முறை பொம்மையைத் தொட வேண்டும். 1933இல் வந்த ‘கிங் காங்’ படத்தைப் பாருங்கள், குரங்கின் ரோமம் காற்றில்லாமலே சிலிர்க்கும். பொம்மைக்குப் போர்த்திய முயல் தோலில், அசைத்தவரின் விரல் பட்டுப் பட்டுக் கலைந்த ரோமம் அது. படத்தில் எனக்கு மிகவும் பிடித்தது அந்தக் குறைதான்.

மகன் எடுத்ததில் ஒரு படத்தின் ஓரத்தில் அவன் கட்டைவிரல் விழுந்திருந்தது.

“ஒரு செகண்டுல பன்னிரண்டுல ஒரு பங்குப்பா, யாருக்கும் தெரியாது” என்றான்.

எனக்குத் தெரிந்தது. இன்னொரு தடவை ஓட்டச் சொன்னேன்.