நீலத்தைத் தின்ற காற்று

2000-ஆம் ஆண்டில் எப்சன் நிறுவனம் ஸ்டைலஸ் போட்டோ 870, 1270 என்ற இரண்டு இங்க்ஜெட் பிரிண்டர்களை விற்பனைக்குக் கொண்டுவந்தது. கலர் லேபுக்குப் போகாமல் வீட்டிலேயே படம் போட்டுக்கொள்ளலாம் என்று அமெரிக்காவில் புகைப்பட ஆர்வலர்கள் ஆசையாக வாங்கினார்கள். படங்களும் அருமையாகத்தான் வந்தன. ஆனால் சில வாரங்களில், சிலருக்குச் சில நாட்களிலேயே, அவை ஆரஞ்சு நிறத்துக்கு மாறத் தொடங்கின. அதே பிரிண்டர், அதே மை, அதே பளபளப்புத் தாள். ஒரு வீட்டில் படத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. இன்னொரு வீட்டில் முகமெல்லாம் செம்மஞ்சள். வெயில் படாத சுவரில் மாட்டியவர்களும் தப்பவில்லை.

காரணம், காற்றில் இருந்த ஓசோன். வானத்தின் உயரத்தில் நம்மைக் காக்கும் அதே வாயு, தரைமட்டத்தில் வாகனப் புகையும் வெயிலும் சேர்ந்து உண்டாவது. மையில் உள்ள சாயத்தின் மூலக்கூறுகளை அது உடைத்துவிடும். வண்ண மைகளில் அன்றைய சியான், அதாவது பச்சை கலந்த நீலம், ஓசோனுக்கு எளிதில் பலியானது. படத்திலிருந்து நீலம் மட்டும் கழன்றுபோனால் மிஞ்சுவது மெஜந்தாவும் மஞ்சளும். அவை சேர்ந்தால் ஆரஞ்சுதானே வரும்? அந்த மையை வெளிச்சத்தில் வைத்துச் சோதித்திருந்தார்கள். வெளிச்சத்தை அது ஓரளவு தாங்கவும் செய்தது. காற்று என்ன செய்யும் என்பதுதான் கணக்கில் வராமல் போயிற்று.

தாளுக்கும் இதில் பங்கு உண்டு. அந்தப் பளபளப்புத் தாளின் மேற்பூச்சு, நுண்ணிய சிலிக்கா போன்ற துகள்களால் ஆனது. துகள்களுக்கு இடையில் கண்ணுக்குத் தெரியாத துளைகள். மை விழுந்த நொடியே துளைக்குள் இறங்கிவிடுவதால் படம் கையில் ஒட்டாமல் காய்ந்து வெளியே வரும். ஆனால் மை இறங்கிய வழியில் காற்றும் இறங்கும். இன்னொரு வகைத் தாளில் ஜெலட்டின் போன்ற பூச்சு இருக்கும். அது மையின் ஈரத்தை வாங்கி, ஊறவைத்த ஜவ்வரிசி போல உப்பி, சாயத்தைத் தனக்குள் மூடிவைத்துக்கொள்ளும். ஓசோனுக்கு அங்கே வேலையில்லை. காய்வதற்குத்தான் நேரமாகும்; தண்ணீர் பட்டால் படம் கலைந்துவிடும். சென்னை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களின் ஈரப்பதத்தில் இந்த வகைத் தாளில் சாயம் மெல்லப் பரவி, ஓரங்கள் மங்கும் அபாயமும் உண்டு. இன்று கடைகளில் கிடைப்பது பெரும்பாலும் துளை வகைதான். மைகளும் அன்றைக்கு இருந்ததைவிட வெகுவாக மேம்பட்டுவிட்டன. ஆனாலும் துளைத்தாளில் சாய மை என்றால் காற்று அதன் எதிரி என்பது மாறவில்லை.

மின்விசிறிக்கு நேர் எதிரே, கண்ணாடி இல்லாமல் டேப் போட்டு ஒட்டிய படம் சீக்கிரம் வெளுப்பது இதனால்தான். புதுக்காற்று ஓயாமல் அதன்மேல் மோதிக்கொண்டே இருக்கிறது. அதே படத்தின் இன்னொரு பிரதி ஆல்பத்துக்குள் நன்றாகவே இருக்கும்.

இந்தப் படம் முழுவதும் உருவாவது துளித் துளியாக விழும் மையால்தான். பிரிண்டரின் ஹெட்டில் நூற்றுக்கணக்கான நாஸில்கள் இருக்கின்றன. சில நிறுவனங்களின் ஹெட்டில் ஒவ்வொரு நாஸிலுக்கும் ஒரு குட்டி ஹீட்டர் உண்டு. அது கண நேரத்தில் சுமார் 300 டிகிரிக்குச் சூடாகும். மை கொதித்து எழும் ஆவிக்குமிழி ஒரு துளியை வெளியே தள்ளும். 1977-இல் ஜப்பானின் கேனான் ஆய்வகத்தில் சூடான சால்டரிங் அயர்ன் தவறுதலாக ஒரு சிரிஞ்சின் ஊசியில் பட, உள்ளிருந்த மை பீறிட்டதைப் பொறியாளர் இச்சிரோ எண்டோ கவனித்தார். அதிலிருந்து பிறந்தது கேனானின் இந்த முறை. எப்சனில் சூடே கிடையாது. மின்சாரம் பாய்ந்தால் வளையும் பீசோ படிகம் மையை அழுத்தி வெளியேற்றுகிறது. எந்த முறையானாலும் நல்ல போட்டோ பிரிண்டரின் மிகச் சிறிய துளி ஒன்றிரண்டு பிகோலிட்டர்தான். ஒரு லிட்டரில் லட்சம் கோடியில் ஒரு பங்கு ஒரு பிகோலிட்டர். பறக்கும்போது ஒரு பிகோலிட்டர் துளியின் விட்டம் ஏறத்தாழ 12 மைக்ரான்; தலைமுடியின் தடிமனில் ஐந்தாறில் ஒரு பங்கு.

அந்தத் துளி சாதாரண ஏ4 தாளில் விழுந்தால் நாரிழைகளின் வழியே கசிந்து, ஒழுங்கற்ற கறையாகிவிடும். பூதக்கண்ணாடி இருந்தால் ஒரே படத்தை ஜெராக்ஸ் தாளிலும் போட்டோ பேப்பரிலும் அடித்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். போட்டோ பேப்பரில் இமைமுடிகள் தனித்தனியாக நிற்கும். மற்றதில் அவை ஒரே பட்டையாக ஊறியிருக்கும். பிரிண்டர் பெட்டியின்மேல் போட்டிருக்கும் 5760 x 1440 டிபிஐ என்ற எண், ஓர் அங்குலத்தில் துளிகளை எத்தனை இடங்களில் வைக்க முடியும் என்பதைத்தான் சொல்கிறது. விழுந்த துளி விழுந்த இடத்தில் நிற்குமா என்பது தாளின் பொறுப்பு. தாளுக்குச் செலவழிக்காமல் பிரிண்டருக்கு மட்டும் செலவழிப்பதை வீண் என்றே சொல்வேன்.

அந்த எண்ணைப் படத்தின் பிக்ஸல் என்று நினைப்பவர்களும் உண்டு. ஒரு பிக்ஸலின் நிறத்தைக் காட்டவே பிரிண்டருக்குப் பல துளிகள் வேண்டும். கையில் பிடித்துப் பார்க்கும் படத்துக்கு அங்குலத்துக்கு 300 பிக்ஸல் போதும். அதற்கு மேல் கண்ணுக்கு வித்தியாசம் அதிகம் தெரியாது. அப்படிப் பார்த்தால் 4 x 6 அங்குலப் படத்துக்கு 1200 x 1800 பிக்ஸல் தேவை. இன்றைய ஸ்மார்ட்போன்கள் இதைவிட அதிகமாகவே எடுக்கின்றன. ஆனால் வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பும்போது அது சுருங்கிவிடுகிறது. அதை ஏ4 அளவுக்குப் பெரிதாக்கினால் குழைந்துதான் வரும். டாகுமென்ட்டாக அனுப்பச் சொல்லி வாங்குங்கள்.

தலைமுடி ஏன் பழுப்பாகவோ பச்சை ஓடியோ வருகிறது என்று பலர் கேட்பதுண்டு. வீட்டு இங்க் டேங்க் பிரிண்டர்கள் பலவற்றில் கறுப்பு மட்டும் பிக்மென்ட் மை, மற்ற மூன்றும் சாய மை. பிக்மென்ட் என்பது கரையாத நிறத்துகள், எழுத்துக்குக் கச்சிதம். ஆனால் பளபளப்புத் தாளில் அந்தக் கறுப்பு ஒட்டி நிற்காது, தேய்த்தால் ஈஷும். எனவே தாளின் வகை கிளாஸி என்று தெரிந்ததும் பிரிண்டர் கறுப்பை ஒதுக்கிவிட்டு, மூன்று வண்ணங்களைக் கலந்து கறுப்பை உண்டாக்கும். அதில் ஒன்று சற்றுக் கூடினாலும் முடியில் வேறு சாயல் ஏறிவிடும். நம் ஊர் ஸ்டுடியோக்களில் பார்க்கும் ஆறு வண்ண பிரிண்டர்களில் கறுப்பும் சாய மையே. கூடுதலாக இளஞ்சியானும் இளமெஜந்தாவும் இருப்பதால் கன்னத்திலும் வானத்திலும் புள்ளி தெரியாது.

இதைவிட முக்கியமானது, பிரிண்ட் கொடுக்கும் திரையில் தாளின் வகையைச் சரியாகத் தேர்ந்தெடுப்பது. கிளாஸி தாளை வைத்துவிட்டு ‘பிளெயின் பேப்பர்’ என்றே விட்டால், ஒட்டாத அந்தக் கறுப்பு மை தாளில் வந்து விழும். மையின் அளவும் தவறிப்போகும். நாம் பிரிண்டர் சரியில்லை என்று திட்டுவோம்.

அப்பா அம்மாவின் கல்யாணப் படத்தைப் புதுப்பித்துப் பேரப்பிள்ளைகளுக்கு வைக்க வேண்டும் என்றால் முழுக்க பிக்மென்ட் மை உள்ள பிரிண்டரிலோ, நல்ல கலர் லேபிலோ போடுங்கள். பிக்மென்ட் துகளை வெளிச்சமும் ஓசோனும் அவ்வளவு எளிதில் சிதைக்க முடியாது. பிறந்தநாள் படத்துக்குச் சாய மையே போதும். சாய மையில் நிறம் பளிச்சென்று வரும். எதுவானாலும் அடித்த உடனே ஃப்ரேமுக்குள் போடாமல் ஒரு நாள் உலரவிடுங்கள். மையில் உள்ள கிளைக்கால் என்ற கரைப்பான் மெல்லத்தான் வெளியேறும், இல்லையென்றால் கண்ணாடியின் உட்புறம் பனித்துப் போகும். அடுத்த முறை போட்டோ பேப்பர் வாங்கும்போது உங்கள் பிரிண்டரின் மாடலையும் மையின் வகையையும் சொல்லிக் கேளுங்கள். எந்த மைக்கு உகந்தது என்று உறையில் போடாத தாளை வாங்காதீர்கள்.