ஒற்றையா, இரட்டையா?

சூரியனை ஒட்டினாற்போல் கடந்துவரும் விண்மீன் ஒளி லேசாக வளைந்துதான் நம்மிடம் வந்து சேர்கிறது. நிறையே இல்லாத ஒளியை ஈர்ப்பு எப்படி இழுக்கும்? இழுப்பதாக நினைப்பதால் வரும் குழப்பம் இது. சூரியனின் நிறை தன்னைச் சுற்றியுள்ள இடத்தையும் காலத்தையும் வளைத்து வைத்திருக்கிறது. அங்கே இருப்பதில் நேரான பாதை எதுவோ, அதில்தான் ஒளி போகிறது.

ஒளியைத் துகள்களாக எண்ணி நியூட்டன் விதிப்படி கணக்கிட்டாலும் 0.87 கோண விநாடி வளைவு வரும். ஐன்ஸ்டைன் 1911-ல் சொன்னதும் ஏறக்குறைய இதே அளவுதான். இடத்தின் வளைவையும் சேர்த்து 1915-ல் மறுபடி கணக்கிட்டபோது அது இரு மடங்காகி 1.75 ஆயிற்று. இரண்டரை கிலோமீட்டருக்கு அப்பால் வைத்த ஒரு ரூபாய் நாணயம் கண்ணுக்கு எத்தனை சிறிதாகத் தெரியுமோ, அவ்வளவுதான் அந்தக் கோணம். வளையுமா என்பதல்ல, ஒற்றையா இரட்டையா என்பதே கேள்வி.

சூரியனருகே விண்மீன் தெரிய முழு கிரகணம் வேண்டும். கத்திரி ஓயும் வைகாசியில் சூரியன் ரோகிணியில் நிற்கும் என்கிறது நம் பஞ்சாங்கம். விண்மீன்கள் மண்டிக் கிடக்கும் பகுதி அது. 1919 மே 29 அன்று அங்கேயே கிரகணம் பிடித்தது.

ஆப்பிரிக்காவை ஒட்டிய பிரின்சிபி தீவில், இந்த வளைவை அளக்க வந்த பிரிட்டிஷ் வானியலாளர் எடிங்டன் காத்திருந்தார். காலையில் அடைமழை. கிரகணம் முழுமை பெற்றபோதும் மேகம் விலகவில்லை. 302 விநாடிகளில் 16 கண்ணாடித் தட்டுகளில் படமெடுக்க வேண்டும். தட்டு மாற்றும் அவசரத்தில் அவர் கிரகணத்தையே சரியாகப் பார்க்கவில்லை. கடைசி ஆறு தட்டுகளில்தான் விண்மீன்கள் எட்டிப் பார்த்தன. அந்தத் தட்டில் ஒரு கோண விநாடி என்பது மில்லிமீட்டரில் அறுபதில் ஒரு பங்கு! விடை 1.61.

பிரேசிலின் சோப்ரால் ஊரில் இன்னொரு குழு. சூரியன் விலகியபின் அதே விண்மீன்களைப் படமெடுத்து ஒப்பிட, ஜூலையில் விடியலுக்கு முன் மீண்டும் கருவியருகே நின்றார்கள். அவர்களுடைய சிறிய தொலைநோக்கி 1.98 என்றது. பெரியதில் வெயில் சூட்டால் குவியம் மாறி, படங்கள் மங்கின, கிடைத்தது 0.93, அதாவது ஒற்றைக்குப் பக்கம். அதை ஒதுக்கிவிட்டார்கள். விடைக்கேற்பத் தட்டுகளைப் பொறுக்கினார்களோ என்ற சந்தேகம் நியாயமானதே. 1979-ல் அந்த மங்கிய தட்டுகளையே புதிய அளவைக் கருவியில் வைத்து மீண்டும் அளந்தார்கள். வந்தது 1.55.