உப்பை விரும்பும் உயிருக்குப் பெயர் கிடைப்பது எப்படி?

கோமாரிக் கரையில் உப்பிட்டுக் காயவைத்த கருவாட்டில் ஈரம் பட்டால், சில நாளில் செந்நிறம் பூக்கும். இன்னொரு பிடி உப்புப் போட்டால் சரியாகிவிடும் என்று தோன்றும். ஆகாது. அந்தச் சிவப்பே உப்பை விரும்பி வாழும் நுண்ணங்கிகளின் நிறம்தான். உப்பளத்து உப்போடு சேர்ந்தே அவை மீனுக்கு வருகின்றன.

இந்தியாவில், மகாராஷ்டிர மாநிலத்து லோனார் ஏரி 2020 ஜூனில் இளஞ்சிவப்பாக மாறியதற்கும் இந்த வகை உயிர்களே காரணம் என்று புனே அகர்கர் ஆய்வு நிறுவனம் கண்டறிந்தது. ஆனால் நிறத்துக்குக் காரணம் சொல்வது வேறு, புதிய இனம் என்று நிறுவுவது வேறு. உப்பும் காரமும் மிகுந்த அதே ஏரி நீரிலிருந்து ஐதராபாத் செல், மூலக்கூறு உயிரியல் மையத்தினர் எடுத்த ஒரு பக்டீரியாவுக்கு 2010 இல் நைட்ரிட்டாலியா ஹலால்கலிஃபிலா என்று பெயர் வைத்தார்கள்.

அதற்கு எவ்வளவு பாடு! உப்பு நீரை, அதே அளவு உப்புக் கலந்த அகார் தட்டில் தடவிக் காத்திருக்க வேண்டும். உப்பை விரும்பும் பல இனங்கள் முளைக்க வாரக்கணக்காகும். முளைத்த ஒரு புள்ளியைத் தொட்டெடுத்துப் புதுத் தட்டில் தடவி, அதிலிருந்து மறுபடி ஒரு புள்ளி என்று, வேறெதுவும் கலக்காத ஒரே வகை கிடைக்கும்வரை தொடர வேண்டும். பிறகு இனங்களைப் பிரித்தறிய உதவும் 16எஸ் என்ற மரபணுவை வாசித்து, ஏற்கெனவே பெயர் பெற்ற இனங்களோடு ஒப்பிடுவார்கள். ஒற்றுமை ஏறத்தாழ 98.7 சதவீதத்துக்குக் கீழே என்றால் புதிய இனமாகக் கொள்ளலாம். மேலே என்றால் முழு மரபுத்தொகுதியையும் ஒப்பிட வேண்டும். அங்கே எல்லை 95, 96 சதவீதம். எவ்வளவு உப்பில், எந்தச் சூட்டில் வளர்கிறது என்பதும் பதிவாக வேண்டும்.

எனக்கு மிகவும் பிடித்த விதி கடைசியில் வருகிறது. உயிருள்ள மாதிரியை இரண்டு வெவ்வேறு நாடுகளின் சேகரிப்பகங்களில் ஒப்படைக்க வேண்டும். சந்தேகப்படுகிறவர் யாராக இருந்தாலும் அதைக் கேட்டு வாங்கித் தாமே சோதிக்கலாம். ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழக மாணவர்களுக்குக் கோமாரிக் களப்பு தூரமில்லை. நம் பிள்ளைகளும் இந்த வேலையில் இறங்க வேண்டும் என்பது என் ஆசை. பொறுமை மட்டும் நிறைய வேண்டும். சினாய்ப் பாலைவனத்து உப்புக் குட்டையில் சதுர வடிவ நுண்ணங்கியை வால்ஸ்பி என்ற ஆய்வாளர் கண்டு எழுதியது 1980 இல். ஆய்வுகூடத்தில் வளர்க்க முடிந்தது 2004 இல். ஹாலோகுவாட்ராட்டம் வால்ஸ்பியை என்ற முறையான பெயர் கிடைத்தது 2007 இல்.