சூதை நம்பி உலை வைக்கலாமா?

ஒரு முயற்சியை வாழ்வாதாரம் என்று அழைப்பதற்கு, அதிலிருந்து எப்போதாவது பெருந்தொகை கிடைத்தது என்பது போதிய சான்றாகாது. அரிசிக்கும் பிள்ளைகளின் கொப்பிக்கும் மின்கட்டணத்துக்கும் வேண்டிய பணம் மாதந்தோறும் அதிலிருந்து வருமா, வராத மாதத்தைத் தாங்கும் கையிருப்பையும் அதுவே உண்டாக்கித் தருமா என்பவையே கேட்கப்பட வேண்டியவை. சூதாட்டத்தை இந்த அளவுகோலால் அளந்து பார்க்கும் வழக்கம் தமிழ்ச் சூழலில் குறைவு. சூது தீயது என்று கண்டிப்போர் கணக்குக்குள் இறங்குவதில்லை. அதில் ஒரு வருமான வழியைக் காண்போரோ வென்ற நாளை நினைவில் வைத்துத் தோற்ற நாள்களை மறந்துவிடுகின்றனர்.

யாழ்ப்பாணம் நோக்கிய ஏ9 வீதியிலிருந்து முல்லைத்தீவுக்கான ஏ35 வீதி பிரியும் பரந்தன் சந்தியைச் சூழ்ந்த வன்னி ஊர்களில் இக்கேள்விக்குத் தனிக் கனம் உண்டு. கோஸ்ரிக் சோடாவும் குளோரினும் உற்பத்தி செய்த பரந்தன் இரசாயனத் தொழிற்சாலை இயங்கிய காலத்தில் மாதச் சம்பளம் என்பது இங்குப் பல குடும்பங்களுக்குப் பழகியதாக இருந்தது. போர்க்காலத்தில் அந்த ஆலை செயலிழந்தது. 2009 இல் போர் முடிந்த பின் மீளக்குடியேறியோரில் பலர் நெல்வயல், நாட்கூலி, சிறுகடை ஆகியவற்றோடு நுண்கடனையும் சுமந்தே வாழ்க்கையை மறுபடி தொடங்க வேண்டியதாயிற்று. ஒழுங்கான வருமானம் அரிதாகிப்போன இடத்தில், கைத்தொலைபேசியில் ஒரு கிரிக்கெட் பந்தயத்தால் ஒரு கிழமைக் கூலியை ஓர் இரவில் பெறலாம் என்ற பேச்சு இளைஞர்களின் காதில் விழும்போது, அதை வெறும் பேராசை என்று தள்ளிவிடுவது நியாயமன்று. அதற்குக் கணக்கின் வழியாக விடை கூறுவதே அவர்களுக்குச் செய்யும் மரியாதை.

இலங்கையில் சட்டபூர்வமானதும் எல்லோர் கைக்கும் எட்டுவதுமான சூது லொத்தர் எனப்படும் அதிர்ஷ்ட இலாபச் சீட்டு ஆகும். 1963 ஆம் ஆண்டின் நிதிச் சட்டத்தின் கீழ் உருவான தேசிய லொத்தர் சபையும், 1997 ஆம் ஆண்டின் சட்டமொன்றால் நிறுவப்பட்ட அபிவிருத்தி லொத்தர் சபையும் இவற்றை வெளியிடுகின்றன; சீட்டொன்றின் விலை 2023 ஜூலையில் 20 ரூபாயிலிருந்து 40 ரூபாயாக உயர்ந்தது. ஓர் ஆங்கில எழுத்தும் ஆறு இலக்கங்களும் பொருந்தினாலே முதற்பரிசு கிடைக்கும் ஒரு சீட்டை எடுத்துக்கொண்டால், 26 எழுத்துகளையும் பத்து இலட்சம் இலக்கச் சேர்க்கைகளையும் பெருக்க வரும் 2 கோடி 60 இலட்சம் சேர்க்கைகளுள் ஒன்றே வெல்லும். நாளுக்கொரு சீட்டு வாங்குபவருக்கு முதற்பரிசு சராசரியாக ஏறத்தாழ 71,000 ஆண்டுகளுக்கு ஒருமுறை விழும் என்பது இதன் பொருள்; அவர் செலவிடும் தொகையோ ஆண்டொன்றுக்கு 14,600 ரூபாய். சிறு பரிசுகள் இடையிடையே வருகின்றன என்பது உண்மையாயினும், விற்பனைப் பணத்திலிருந்து முகவரின் கழிவும் நிர்வாகச் செலவும் அரசின் பங்கும் எடுக்கப்பட்ட பின்னரே மிகுதி பரிசாகத் திரும்புவதால், வாங்குவோர் அனைவரையும் ஒருங்கே எண்ணினால் அவர்கள் செலுத்தியதைவிடப் பெறுவது எப்போதும் குறைவாகவே இருக்கும்.

இவ்வாறு அனைத்தையும் ஒருங்கே எண்ணிப் பெறும் சராசரியைக் கணிதத்தில் எதிர்பார்க்கை என்பர். ஒரே பந்தயத்தை மிகப் பலமுறை ஆடினால், முறையொன்றுக்குச் சராசரியாகக் கிடைக்கும் இலாபம் அல்லது நட்டம் அது. 1654 இல் பிரான்சைச் சேர்ந்த கணிதவியலாளர்களான பஸ்கலும் ஃபெர்மாவும், பாதியில் நின்ற ஒரு சூதாட்டத்தின் பணத்தை எவ்வாறு பங்கிடுவது என்று கடிதங்களில் ஆராய்ந்தபோது இக்கருத்துக்கு அடித்தளம் விழுந்தது. ஆட்டங்களின் எண்ணிக்கை கூடக் கூடப் பெறுபேறு இந்தச் சராசரியை நெருங்கும் என்னும் பேரெண் விதியை யாக்கோப் பெர்னூலி நிறுவிய நூல் 1713 இல் வெளிவந்தது. ஆக, நட்டத்தைச் சராசரியாகக் கொண்ட ஓர் ஆட்டத்தைத் தொழிலாக எடுத்துத் தினமும் ஆடுவதென்பது, அந்த நட்டம் தன்னை வந்தடைவதை மேலும் உறுதிப்படுத்துவதே ஆகும். எப்போதாவது ஒருமுறை ஆடுபவர் வென்று எழக்கூடும். நாள்தோறும் ஆடுபவருக்கு அந்த வாய்ப்பும் தேய்ந்துவிடுகிறது.

சூதாட்டத்தால் சீராக வாழ்வோர் இல்லாமலில்லை. சந்தியில் சீட்டு விற்பவர் ஒவ்வொரு சீட்டுக்கும் நிச்சயமான கழிவைப் பெறுகிறார். கொழும்பு முதலிய நகரங்களில் இங்கிலாந்துக் குதிரைப் பந்தயங்களுக்குப் பணம் ஏற்கும் புக்கிக் கடைகளும், கசினோக்களும், இணையப் பந்தய நிறுவனங்களும் அவ்வாறே. அவர்கள் பந்தயத்தை விற்கிறார்கள், ஆடுவதில்லை. அபிவிருத்தி லொத்தர் சபையின் வருமானத்தில் ஒரு பகுதி மகாபொல புலமைப்பரிசில் நிதிக்குச் செல்வதால், வன்னியிலிருந்து பல்கலைக்கழகம் செல்லும் பிள்ளைகளுக்கும் அதில் ஒரு சிறு பங்கு உண்டு என்பதை இங்குக் குறிப்பிடாமல் விடுவது நேர்மையாகாது. எனினும் அந்தப் பணம் பெரும்பாலும் வறிய கைகளிலிருந்து நாற்பது நாற்பது ரூபாயாகச் சேர்ந்தது என்பதும் உடன் நினைக்கத்தக்கது.

லொத்தர் முழுக்க வாய்ப்பைச் சார்ந்தது, கிரிக்கெட் பந்தயமோ அறிவைச் சார்ந்தது, ஆகவே விளையாட்டை நன்கறிந்தவர் அதில் சம்பாதிக்கலாம் என்று வாதிடப்படுவதுண்டு. இவ்வாதத்தில் ஓரளவு உண்மை இருப்பதால் அதைப் பொறுமையாக ஆராய வேண்டும். சமபலமுள்ள இரு அணிகள் மோதும்போது, நியாயமான பந்தயத்தில் 1,000 ரூபாய் கட்டியவர் வென்றால் 2,000 ரூபாய் பெற வேண்டும். பந்தயம் ஏற்பவர் 1,900 ரூபாய் தருவதாக வைத்துக்கொண்டால், இரு பக்கமும் கட்டப்பட்ட 2,000 ரூபாயில் 100 ரூபாய், அதாவது நூற்றுக்கு ஐந்து, எவர் வென்றாலும் பந்தயம் ஏற்பவரிடமே தங்கும். கட்டுபவர் நட்டமின்றி நிற்பதற்கே நூறு பந்தயங்களில் குறைந்தது 53 ஐ வெல்ல வேண்டும். கணினிகளையும் தகவல் திரட்டுவோரையும் வைத்துக்கொண்டு விலை நிர்ணயிக்கும் நிறுவனத்தைவிட ஓர் இளைஞர் தொடர்ந்து சரியாகக் கணிப்பது எளிதன்று.

எளிதன்றாயினும், நூற்றுக்கு 55 முறை வெல்லும் அரிய திறமை ஒருவருக்கு உண்டு என்றே கொள்ளலாம். அப்போது அவர் கட்டும் ஒவ்வொரு 100 ரூபாய்க்கும் சராசரியாக 4 ரூபாய் 50 சதம் மிஞ்சும். மாதம் 60,000 ரூபாய் வருமானம் வேண்டுமானால் அவர் மாதந்தோறும் ஏறத்தாழ 13 இலட்சத்து 33 ஆயிரம் ரூபாயைப் பந்தயத்தில் சுழற்ற வேண்டும். நூறு பந்தயங்களாகப் பிரித்தால் ஒவ்வொன்றும் 13,000 ரூபாயைத் தாண்டும். தொடர்ச்சியான தோல்விகள் முதலை அழித்துவிடாதிருக்க ஒரு பந்தயத்தில் முதலின் நூற்றுக்கு ஒன்று அல்லது இரண்டு பங்குக்கு மேல் கட்டக்கூடாது என்பது கவனமாக ஆடுவோரின் நெறி. அதன்படி அவர் கையில் 7 இலட்சம் முதல் 13 இலட்சம் ரூபாய் வரை குடும்பச் செலவுக்குத் தொடாத பணமாக இருக்க வேண்டும். இவை அனைத்தும் வாய்த்த பின்னரும், தற்செயலின் ஏற்ற இறக்கம் காரணமாக மூன்று மாதங்களில் ஏறத்தாழ ஒரு மாதம் அவர் நட்டத்திலேயே முடிப்பார் என்று நிகழ்தகவுக் கணக்குக் காட்டுகிறது. அந்த மாதங்களில் அரிசி வாங்க அந்த முதற்பணத்தில் கை வைத்தால் அடுத்த மாதத்துப் பந்தயத்தொகை சுருங்கும். வருமானமும் அதனோடு சுருங்கும். அத்தகைய முதல் கையிலுள்ள குடும்பம் கறவை மாடு வாங்குவதையோ கடையைப் பெருப்பிப்பதையோ விட்டுவிட்டு இதை ஏன் நாட வேண்டும் என்பதற்குத் தக்க காரணம் எதுவும் புலப்படவில்லை.

உலகில் இவ்வழியில் பெருஞ்செல்வம் சேர்த்தவர்களின் வரலாறும் இதையே உறுதிசெய்கிறது. எட்வர்ட் தோர்ப் என்ற அமெரிக்கக் கணிதப் பேராசிரியர், பிளாக்ஜாக் சீட்டாட்டத்தில் வெளிவந்த சீட்டுகளை எண்ணிக் கசினோவை மிஞ்சலாம் என்பதை 1962 இல் நூலாக வெளியிட்டார். அவ்வாறு எண்ணுவோரைக் கசினோக்கள் உள்ளே விடாமல் தடுக்கத் தொடங்கின. அப்படித் தடுக்கப்பட்டவர்களுள் ஒருவரான பில் பென்ரர் 1980 களின் நடுப்பகுதியில் ஹொங்கொங் சென்று, குதிரைகளின் கடந்தகாலத் தரவுகளைக் கணினியில் ஏற்றி ஒவ்வொரு குதிரையின் வெற்றி வாய்ப்பையும் மதிப்பிடும் முறையொன்றை உருவாக்கினார். தொடக்கத்தில் முதலின் பெரும்பகுதியை இழந்து, பல ஆண்டுகள் முறையைத் திருத்திய பின்னரே அவர் கோடிகளை ஈட்டினார். அவர் நடத்தியது ஊழியர்களும் மூலதனமும் கொண்ட ஓர் ஆய்வு நிறுவனம். ஹொங்கொங் குதிரைப் பந்தயத்தில் எல்லோருடைய பந்தயப் பணமும் ஒரே குளத்தில் சேர்ந்து, நடத்துபவர் தம் பங்கை எடுத்த பின் வென்றவர்களுக்குப் பிரிக்கப்பட்டதால், அவர் வென்ற பணம் மற்றவர்கள் இழந்த பணமே.

தமிழ்நாட்டில் இணைய ரம்மியைப் பற்றி நடந்த வழக்குகள் இதன் சட்டப் பக்கத்தைக் காட்டுகின்றன. 2022 ஆம் ஆண்டின் தடைச்சட்டத்தை 2023 நவம்பரில் ஆராய்ந்த சென்னை உயர்நீதிமன்றம், ரம்மியும் போக்கரும் திறன் ஆட்டங்கள் என்று கருதி அவற்றுக்கு மட்டும் விலக்களித்தது. 2025 இல் இந்திய நாடாளுமன்றமோ, திறனா வாய்ப்பா என்று பாராமல், பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டங்கள் அனைத்தையும் தடைசெய்தது. ஆடுபவரின் பைக்குள் நின்று பார்த்தால் இரண்டாவது நோக்கே சரியானது. மேசையில் இருப்போர் எத்துணைத் திறமைசாலிகளாயினும், ஒவ்வொரு ஆட்டத்திலும் நிறுவனம் ஒரு பங்கை எடுத்துக்கொள்வதால், அவர்கள் அனைவரும் சேர்ந்து எழும்போது கொண்டுவந்ததைவிடக் குறைவாகவே கொண்டுசெல்வர்.

நெல் விதைப்பதும் சூதுதானே என்ற மனக்கசப்பான பேச்சும் வன்னியில் உண்டு. அக்கசப்புக்குக் காரணங்கள் இருக்கின்றன. மாரிக்கால நெற்செய்கையான காலபோகம் மழையை நம்பியது. சிறுபோகத்தில் எத்தனை ஏக்கர் விதைக்கலாம் என்பதை இரணைமடுக் குளத்தின் நீர்மட்டம் தீர்மானிக்கிறது. 2018 டிசெம்பரில் அக்குளத்தின் வான்கதவுகள் திறக்கப்பட்ட வெள்ளத்தில் வயல்கள் மூழ்கின. 2021 இல் இரசாயன உர இறக்குமதி திடீரெனத் தடைசெய்யப்பட்டபோது விளைச்சல் நாடெங்கும் சரிந்தது. ஆயினும் வயல் சூதிலிருந்து வேறுபடும் இடம் தெளிவானது. மண்ணும் நீரும் உழைப்பும் சேர்ந்து இல்லாதிருந்த நெல்லை உண்டாக்குகின்றன; ஒரு விவசாயியின் விளைச்சலுக்காகப் பக்கத்து வயல்காரர் தோற்க வேண்டியதில்லை. வயலின் ஆபத்தைக் காப்புறுதியாலும் மாற்றுப்பயிராலும் நியாயமான கொள்வனவு விலையாலும் குறைக்க முடியும். அவற்றைச் செய்யத் தவறும் அரசுகளே விவசாயத்தைச் சூதுபோல் தோன்றச் செய்கின்றன.

கணக்குத் தெரிந்த பின்னரும் விடமுடியாமல் போவது ஏன் என்பதற்கு உளவியல் விளக்கம் தருகிறது. பரிசு எப்போது வரும் என்று தெரியாத ஒழுங்கற்ற இடைவெளிகளில் கிடைக்கும்போது ஒரு செயல் மிக உறுதியாகப் பற்றிக்கொள்கிறது என்பதை உளவியலாளர் பி. எப். ஸ்கின்னர் விலங்குகளைக் கொண்டு செய்த சோதனைகளில் காட்டினார். தொடர்ந்து தோற்றவருக்கு இனி வெற்றிதான் என்று தோன்றுவதும் பழைய மயக்கமே: 1913 ஆகஸ்டில் மொண்டே கார்லோ கசினோவின் சுழற்சக்கரத்தில் கறுப்பு நிறம் 26 முறை அடுத்தடுத்து விழுந்தபோது, அடுத்தது சிவப்பு என்று நம்பிக் கட்டியவர்கள் பெருந்தொகைகளை இழந்தனர்; முன்பு விழுந்தது எதுவென்று சக்கரத்துக்குத் தெரியாது. விட்டதைப் பிடிக்கும் இந்த ஓட்டத்தில்தான் நகை அடகுக்கும், பிறகு மீற்றர் வட்டி எனப்படும் கடும்வட்டிக் கடனுக்கும் வீடு போய்ச் சேர்கிறது. வறட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களின் பெண்கள் பெற்ற நுண்கடன்களுக்கு 2018 இல் அரசே நிவாரணம் அறிவிக்க வேண்டியிருந்த நாட்டில், அதே வீடுகளுக்குள் தொலைபேசி வழியாக மற்றொரு கடன்வாய் திறப்பதை இலகுவாக எடுத்துக்கொள்ள முடியாது.

1889 ஆம் ஆண்டின் சூதாட்டக் கட்டளைச் சட்டம் உள்ளிட்ட பழைய சட்டங்களுக்குப் பதிலாக, சூதாட்ட ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையொன்றை அமைக்கும் சட்டத்தை இலங்கை நாடாளுமன்றம் 2025 இல் நிறைவேற்றியது. உரிமம் பெற்ற கொழும்புக் கசினோவைக் கண்காணிப்பதைவிட, வெளிநாட்டிலிருந்து இயங்கிப் பரந்தனில் ஒருவரின் தொலைபேசிக்குள் நுழையும் செயலியைக் கட்டுப்படுத்துவதே அந்த அதிகாரசபைக்குக் கடினமான வேலையாக இருக்கும். அந்த வேலை நிறைவேறும்வரை குடும்பங்கள் காத்திருக்க வேண்டியதில்லை. கட்டுப்படுத்த முடியாத சூதாட்டத்தை உலக சுகாதார நிறுவனம் அடிமைப்பழக்கம் சார்ந்த நோய்நிலையாக வகைப்படுத்தியிருப்பதால், அதற்கு மருத்துவ உதவி கேட்பதில் வெட்கத்துக்கு இடமில்லை. தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கம் நாளின் எந்நேரமும் இயங்குகிறது. சிக்கியவரின் கையில் மறுபடி காசு கொடுக்காமல், கடன்களைப் பட்டியலிட்டு, கடன்காரரிடம் குடும்பமே நேரில் சென்று தவணை பேசுவதும், வங்கி அட்டையைச் சிறிது காலம் வேறொருவர் பொறுப்பில் வைப்பதும் உடனே செய்யக்கூடியவை.