ஒரே படத்துக்கு ஒரு மணி நேரம்... பிலிமில் நட்சத்திரத்தைப் பிடித்தவர்கள் டிஜிட்டலுக்கு மாறியது எப்படி?

செல்போனை மொட்டை மாடியில் ஸ்டாண்டில் நிறுத்தி, நைட் மோடைத் தட்டினால் போதும், நட்சத்திரங்கள் பளிச்சென விழுந்துவிடுகின்றன. 2019-ல் வந்த கூகுள் பிக்சல் 4 போனில் இதற்கென்றே தனி வசதி இருந்தது. தலா 16 விநாடி வரை 15 படங்கள் எடுத்து, போனே ஒன்றாகச் சேர்த்துக் கொடுக்கும். அதிகபட்சம் 4 நிமிட வேலை. இதே ஆசை 1980-களில் ஒருவருக்கு வந்திருந்தால்?

பேட்டரி தேவைப்படாத கேமரா

அன்றைய வானப் புகைப்படக்காரர்கள் விரும்பி வாங்கிய கேமராக்களில் ஒன்று ஒலிம்பஸ் ஓஎம்-1. காரணம் ரொம்ப சிம்பிள். அதன் ஷட்டர் முழுக்க மெக்கானிக்கல். 'பி' செட்டிங்கில் வைத்து கேபிள் ரிலீஸைப் பூட்டிவிட்டால், ஒரு மணி நேரமானாலும் திறந்தே இருக்கும். மின்சாரத்தால் ஷட்டரைத் திறந்து வைக்கும் கேமராக்களிலோ, குளிர் ராத்திரியில் பேட்டரி பாதியிலேயே காலி. உள்ளே இருக்கும் கண்ணாடியை முன்கூட்டியே தூக்கி நிறுத்தும் வசதியும் ஓஎம்-1-ல் உண்டு. அது படாரென எழும் அதிர்வே படத்தைக் கலங்கடித்துவிடும் என்பதால் இது முக்கியம்.

அடுத்த தலைவலி, பூமி. அது சுற்றுவதால் வானம் மணிக்கு 15 டிகிரி நகர்கிறது. கேமராவும் கூடவே நகராவிட்டால் நட்சத்திரம் புள்ளியாக இல்லாமல் கோடாக விழும். சிலர் இரண்டு மரப்பலகை, ஒரு கதவுக் கீல், ஒரு ஸ்க்ரூ வைத்து, கையால் மெல்லத் திருகும் கருவியை வீட்டிலேயே செய்தார்கள். டெலஸ்கோப் வைத்திருந்தவர்கள் ஒரு நட்சத்திரத்தைக் குறுக்குக்கோட்டில் நிறுத்தி, அது நகர நகர பட்டனைத் தட்டிச் சரிசெய்தபடி முழு நேரமும் கண்ணை எடுக்காமல் இருக்கணும். 50-வது நிமிடத்தில் கால் தடுக்கினால் அந்தப் படம் போச்சு!

பிலிமும் லேசுப்பட்டது அல்ல. வெளிச்சம் மிகக் குறைவாக இருந்தால், இரண்டு மடங்கு நேரம் திறந்து வைத்தாலும் இரண்டு மடங்கு பதிவாகாது. பிலிமில் உள்ள வெள்ளி உப்புத் துகளில் ஒளி பதிய, சில ஒளித்துகள்கள் அடுத்தடுத்து விழ வேண்டும். ஒன்று விழுந்து அடுத்தது வருவதற்குள் முதலாவதன் தடம் அழிந்துவிடும். இதற்காக கோடாக் டெக்னிக்கல் பேன் பிலிமை, நைட்ரஜனுடன் கொஞ்சம் ஹைட்ரஜன் கலந்த வாயுவில் மணிக்கணக்கில் சூடாக்கி வைத்தவர்களும் உண்டு.

இத்தனைக்கும் பிறகு ஸ்டுடியோவில் கொடுத்தால், 'சார், ரோல் முழுக்க காலி' என்று பிரிண்ட் போடாமலே திருப்பித் தரும் ஆபத்து இருந்தது. சில நேரம் படத்தின் நடுவிலேயே வெட்டிவிடுவார்கள். அதனால்தான் ரோலின் முதல் படத்தைப் பகலில் எடுத்து வைப்பது வழக்கம். எங்கே வெட்டுவது என்று லேப்காரருக்குத் தெரியணுமே!

திருப்பம் எங்கே வந்தது?

1969-ல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் வில்லார்டு பாயில், ஜார்ஜ் ஸ்மித் இருவரும் சிசிடி சிப்பை உருவாக்கினார்கள். 2009-ல் இதற்கு நோபல் பரிசும் கிடைத்தது. தன்மேல் விழும் 100 ஒளித்துகள்களில் பிலிம் பதிவு செய்வது சில மட்டுமே. நல்ல சிசிடி 80-க்கும் மேல் பிடிக்கும். ஆய்வகங்கள் முதலில் மாறின. சாதாரண ஆர்வலர்களுக்கு வழி திறந்தது, 2003-ல் 1,000 டாலருக்கும் குறைவாக வந்த கேனான் ஈஓஎஸ் 300டி.

ஆனால் நம்மைக் கேட்டால், பெரிய மாற்றம் சிப்பை விட 'ஸ்டாக்கிங்'தான். ஒரு மணி நேரத்துக்கு ஒரே படம் என்பதற்குப் பதில், 2 நிமிடப் படங்கள் 30. விமானம் குறுக்கே போனதா? அந்த ஒன்றை மட்டும் தூக்கிப் போட்டால் முடிந்தது. மீதியை டீப்ஸ்கைஸ்டாக்கர் போன்ற இலவச சாஃப்ட்வேரில் சேர்க்கலாம். 16 படங்களைச் சேர்த்தால் புள்ளி புள்ளியான இரைச்சல் நான்கில் ஒன்றாகக் குறையும்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. நெபுலாக்களின் சிவப்பு, ஹைட்ரஜன் வெளியிடும் 656 நானோமீட்டர் ஒளி. கோடாக் இ200 போன்ற பிலிம்கள் அதை அழகாகப் பதிவு செய்தன. டிஜிட்டல் கேமராக்களோ சென்சாருக்கு முன்னால் உள்ள ஃபில்டரால் அதில் பெரும்பகுதியைத் தடுத்துவிட்டன! வாரண்டி போனாலும் பரவாயில்லை என்று கேமராவைப் பிரித்து ஃபில்டரை மாற்றியவர்கள் ஏராளம். பிறகு கேனான் 20டிஏ, நிகான் டி810ஏ என நிறுவனங்களே இதற்கென மாடல்கள் விட்டன.

அப்போ அந்தக் கலர் எல்லாம் டூப்பா?

இல்லை. மங்கிய ஒளியில் நம் கண்ணுக்கு நிறம் தெரியாது. கேமரா நிமிடக்கணக்கில் ஒளியைச் சேர்ப்பதால் தெரிகிறது. இருப்பதைப் பிரகாசமாக்குவது வேறு, இல்லாததை ஒட்டுவது வேறு. 'எத்தனை படம், எவ்வளவு நேரம்' என்ற விவரம் கூடவே இருந்தால் நம்பலாம்.

முயற்சி செய்யணுமா? 500-ஐ லென்ஸின் மில்லிமீட்டரால் வகுங்கள். 50 எம்எம் லென்ஸ் என்றால் 10 விநாடி. பழைய பிலிம் கேமராக் காலத்துக் கணக்கு இது. இன்றைய சென்சார்களுக்கு அதைவிடக் குறைவாகவே வேண்டியிருக்கும். ஒரு படம் எடுத்து, ஜூம் பண்ணிப் பாருங்க. நட்சத்திரம் நீண்டிருந்தால் நேரத்தைக் குறைங்க.