முதல்ல வாத்தியார், அப்புறம் வாத்தியம்!

முப்பத்தாறு வயதில் ஒருத்தன், "மிருதங்கம் கத்துக்கப் போறேன்" என்று வீட்டில் சொன்னால் என்ன நடக்கும்? என் வீட்டில், "முதல்ல ஒழுகற குழாயை ரிப்பேர் பண்ணுங்க" என்றார்கள்.

காரணம் இருக்கிறது ஸார். பத்து வயதுப் பெண் பாட்டு கற்றுக்கொள்கிறாள். நவராத்திரி கொலுவுக்கு முன்னால் அவள் பாட, அப்பா பக்கத்தில் உட்கார்ந்து வாசிக்க... இதை நினைத்து நினைத்தே ஆபீஸ் மேஜையைத் தட்டிக்கொண்டிருந்தேன்.

ஆர்வக் கோளாறில் முதல் தப்பு. வாத்தியாருக்கு முன்னால் வாத்தியத்தை வாங்கிவிட்டேன். தெரிந்தவர் வீட்டுப் பரணில் கிடந்தது. பலா மரம், நல்ல கனம், சல்லிசு விலை. ஆட்டோவில் குழந்தை மாதிரி மடியில் வைத்துக் கொண்டுவந்தேன்.

அடுத்து வாத்தியார் வேட்டை. மாவட்ட அரசு இசைப்பள்ளிகளில் 12 முதல் 25 வயது வரைதான் சேர்ப்பார்கள். நான் பதினோரு வருஷம் லேட்! மயிலாப்பூரில் ஒரு கிளாஸில் மூன்று மாத ஃபீஸை முன்பணமாக வாங்கிக்கொண்டார்கள். மாஸ்டர் முதல் நாள் வந்ததோடு சரி. அப்புறம் ஒரு ப்ளஸ் டூ பையன். நான் இடது கைக்காரன் வேறு. "அங்கிள், வலது கைக்கு மாறிடுங்க" என்றான், செல்போனிலிருந்து கண்ணை எடுக்காமல். நான் மாறவில்லை. கிளாஸை மாற்றினேன். ஃபீஸ்? காந்தி கணக்கு!

சரியான வழி காட்டியது யார் தெரியுமா? மிருதங்கத்துக்குத் தோல் மாற்றுகிற பெரியவர். அவர் பட்டறைக்கு எல்லா வாத்தியார்களின் சிஷ்யப் பிள்ளைகளும் வாத்தியத்தைக் கொண்டுவருகிறார்கள். யார் முரட்டடி அடிக்கச் சொல்லித் தருகிறார், யார் பதமாக வாசிக்க வைக்கிறார் என்று தோலைப் பார்த்தே சொல்கிறார். "இடது கைன்னா என்ன தம்பி? பழனி சுப்ரமணிய பிள்ளை இடது கைக்காரர்தானே!" என்று சொல்லி இரண்டு தெரு தள்ளி ஒரு வீட்டைக் காட்டினார். இதைவிட நல்ல விசாரணை உலகத்தில் கிடையாது.

அந்த வாத்தியார் கறார். "தினம் அரை மணி. ஞாயித்துக்கிழமை மட்டும் நாலு மணி நேரம் அடிச்சா கைதான் வீங்கும்."

முதல் மாதம் முழுக்க த, தி, தொம், நம். அவ்வளவுதான். இதில் 'நம்' இருக்கிறதே, பரம எதிரி! ஆள்காட்டி விரல் ஓரத்தில் அடிக்கும்போது மோதிர விரல் கருப்பு வட்டத்தின் ஓரத்தில் பட்டும் படாமலும் இருக்க வேண்டும். கொஞ்சம் அழுத்தினால் நாதம் செத்துப்போகும். எனக்கு தினமும் செத்தது. தொப்பிப் பக்கம் ஒட்ட ரவையைக் குழைத்து எடுத்ததில் வீட்டில் ஒருநாள் உப்புமா கட்.

கணக்காவது வரும் என்று பார்த்தேன், பி.காம். ஆயிற்றே! ஆதி தாளம் 8 எண்ணிக்கை. ஒன்றுக்கு நாலு மாத்திரை வைத்தால் 32. 'ததிங்கிணதொம்' ஐந்து, மூன்று தடவை 15. மிச்சம் 17-ஐ எங்கே வைப்பது? பேலன்ஸ் ஷீட் இடித்தால் சஸ்பென்ஸ் அக்கவுன்ட்டில் போடலாம். இங்கே சமத்துக்கு வராவிட்டால் வாத்தியார் முறைக்கிறார்.

ஒருநாள் என் மிருதங்கத்தைத் தட்டிப் பார்த்து, "ஒரு கட்டை. யாருக்கு வாசிக்கப் போறீங்க?" என்றார்.

"பொண்ணுக்கு ஸார்."

"என்ன கட்டை பாடறா?"

"அஞ்சு."

சிரித்துவிட்டார். "அவ்வளவு தூரம் இழுத்தா தோல் கிழிஞ்சுடும். பொம்பளைக் குரலுக்கு வாத்தியமே வேற, சின்னதா இருக்கும். கத்துக்க இது போதும்."

"நவராத்திரிக்கு..."

"எந்த வருஷத்து நவராத்திரி?"

வீட்டில் வந்து சொன்னேன். பாவம், அப்பாவுக்காக ஒரு கட்டையில் பாடிப் பார்த்தாள். குரல் வரவில்லை, காற்றுதான் வந்தது. பாட்டை விட்டுவிட்டுத் தாளம் போட்டாள். நான் த, தி, தொம், நம் வாசித்தேன். ஆறாவது சுற்றில் தொடையில் போட்ட கையை நிறுத்தினாள்.

"அப்பா, ஓடறீங்க."